கழுத்தில் தொங்கிய சாவி

போன வாரம் ஸ்டெபியைக் கதவுக்கு முன்னால் கண்ணைக் கசக்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று சிலருக்குக் கோபம். கோபம் வேண்டாம். அவள் ரொம்ப நேரம் அழுகிற ரகம் இல்லை. மூக்கைச் சிந்தினாள், முகத்தைக் கழுவினாள், திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இன்று காலையிலும் அங்கேயேதான் இருக்கிறாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் கதவைப் பற்றி இரண்டு வார்த்தை.

தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிறவர்களுக்குப் பெரிய எதிரி போட்டிக் கடைக்காரன் இல்லை, கடல் காற்று. முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் முந்திரியையும் சேர்த்து அடித்து, மெதுவான சூட்டில் வேகவைத்து, மொறுமொறுவென்று எடுத்து வைக்கிற பண்டம். கொண்டல் காற்று உள்ளே வந்து ஒரு மூச்சு விட்டால் போதும், அத்தனையும் நமுத்துப்போய்க் கையோடு ஒட்டும். அதனால் மக்ரூன் கடை ரோச் வீட்டில் சரக்கு வைக்கிற அறையின் கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு நாளில் அதிகம் சொல்லப்படுகிற வார்த்தை "கதவைச் சாத்து". "சாப்பிட்டியா" என்பது கூட அதற்கு அப்புறம்தான்.

சொல்லி என்ன பயன்? ஒருத்தரும் சாத்துவதில்லை. பூட்டி வைத்தால் சாவி காணாமல் போகும். சாவி கிடைத்தால் அதைத் திருப்பக் கை சும்மா இருக்காது, விரல் இடுக்கெல்லாம் முட்டையும் சர்க்கரையும் அப்பியிருக்கும்.

இதற்குத்தான் கடைக்குட்டி ஸ்டெபி ஒரு வழி கண்டுபிடித்தாள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள். ஒரு கிலோ மக்ரூன் டப்பாவின் மூடியில் செம்புக்கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு சுருள் செய்தாள். அதை ஒரு சின்ன சர்க்யூட் போர்டோடு சேர்த்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நெஞ்சு உயரத்தில் பொருத்தினாள். வீட்டில் ஆளுக்கொரு வில்லை கொடுத்தாள். நாணயம் அளவுதான் இருக்கும். அதற்குள் பேட்டரி கிடையாது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வில்லை அந்தச் சுருளுக்குக் கிட்டே வந்தால் போதும், தொடக்கூட வேண்டாம், பூட்டு 'டக்' என்று விட்டுவிடும். ஆள் உள்ளே போனதும் ஸ்பிரிங் கதவைத் தானே சாத்திக்கொள்ளும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டெபிக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிடித்து, தன் குரலையே அதில் பதிந்து, உள்ளே போகிற ஆள் யார் என்று கதவு வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்ல வைத்துவிட்டாள். "ஸ்டெபி வந்தாச்சு!" "அல்போன்சா வந்தாச்சு!" பெற்ற மகள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா என்று ரோச் முறுக்கிக்கொண்டதால் அவருக்கு மட்டும் "முதலாளி வந்தாச்சு!"

ரோச்சுக்கு உள்ளூர அது ரொம்பப் பிடித்துப்போனது. எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் சும்மா உள்ளே போய்விட்டு வருவார்.

அவருடைய வில்லை கைக்கடிகார வாரில் இருக்கிறது. அவர் மனைவி அல்போன்சாவின் வில்லையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் வளையலைக் கழற்றுவாள், செயினைக் கழற்றுவாள், கண்ணாடியை அரிசிப் பானையில் வைத்துவிட்டுத் தேடுவாள். கடைசியில் வழி சொன்னதும் அவள்தான்.

"ஏளா, என் உடம்ப விட்டு இறங்காத சாமான் ஒண்ணே ஒண்ணுதான். இதுக்குள்ள வச்சுத் தச்சுரு" என்று கழுத்தில் கிடந்த கார்மேல் மாதா உத்தரியத்தைக் காட்டினாள். கயிற்றில் தொங்குகிற பழுப்புத் துணிச் சதுரம். தண்ணீரில் நனையும், வேர்வையில் ஊறும், குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்கள். ஸ்டெபி துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவில் வில்லையை வைத்துத் தையல் தெரியாமல் தைத்துக் கொடுத்தாள். அப்பாவிடம் மட்டும் இருவரும் சொல்லவில்லை. சொன்னால் அவர் பங்குச்சாமியாரிடம் அனுமதி வாங்கக் கிளம்பிவிடுவார்.

கதவு ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தது. போன வாரம் வியாழக்கிழமைக்கு அப்புறம் என்ன ஆனதோ, மற்ற எல்லோருக்கும் திறக்கிற கதவு அல்போன்சாவுக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. இதுதான் போன வாரத்து அழுகை.

இன்று சனிக்கிழமை. செந்தூர்பாண்டி அண்ணாச்சி கதவைப் பார்க்க வருகிறார். துறைமுகத்துப் பக்கம் இறாலை உறைய வைத்துப் பாதுகாக்கிற கோல்டு ஸ்டோரேஜ் வைத்திருப்பவர். அங்கேயும் இதே கூத்துதான், திறந்த கதவை ஒருத்தனும் சாத்துவதில்லை. ரோச் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அண்ணாச்சி பார்த்துச் சரி என்றால் வீட்டின் முன்ரூம் ஸ்டெபிக்கு. அங்கே பட்டறை போட்டுக்கொள்ளலாம், பெயர்ப்பலகையும் மாட்டிக்கொள்ளலாம். சரியில்லை என்றால், சென்னையில் சித்தப்பா பார்த்து வைத்திருக்கிற வேலைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்த வேலை, நாள் முழுக்க போனில் "எப்படி உதவலாம்?" என்று கேட்கிற வேலை. ஸ்டெபிக்கு அதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"என்னளா, இன்னைக்காவது உங்கம்மாவ அதுக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டபடி ரோச் கைலியும் பனியனுமாக வந்து நின்றார்.

"சுருள மாத்திச் சுத்திட்டேம்ப்பா. சுவத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பலகையும் வச்சிருக்கேன். இரும்பு எதும் கிட்ட இருந்தா அதுக்குக் காது அடச்சிரும்."

"எனக்கு அடைக்கல, உனக்கு அடைக்கல. அவளுக்கு மட்டும் எப்படி அடைக்கி?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அல்போன்சாவைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். தூத்துக்குடி வெக்கையில், அடுப்படியிலிருந்து! சுருளுக்கு முன்னால் நின்று நெஞ்சை முன்னால் தள்ளினாள். ஒன்றும் இல்லை. இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள். கதவு வாயைத் திறக்கவே இல்லை.

"சுவரக் கட்டிப்பிடிச்சு நிக்கா பாரு. என்னைய ஒரு நாளு இப்படிக் கட்டிப்பிடிச்சதில்ல" என்றார் ரோச்.

"வயசுக்கேத்த பேச்சாப் பேசுங்க!"

"அம்மா, உத்தரியம் போட்டிருக்கல்லா?" ஸ்டெபி மெல்லக் கேட்டாள்.

"போடாம இருப்பனா?" என்றாள் அல்போன்சா. சொல்லிவிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல இன்னொன்று சேர்ந்துவிட்டது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ரோச் காதில் போட்டுவிடாதீர்கள். அல்போன்சாவின் கழுத்தில் உத்தரியம் இல்லை.

இந்த வீட்டின் மூத்த மகன் ஜோன்ஸ் ஞாபகம் இருக்கிறதல்லவா? கப்பல்காரன். ஏரல் பக்கத்து வயல்காட்டுக் குடும்பத்துப் பெண் சந்தனச்செல்வியைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டவன். வேற்று மதம், வேற்று சாதி என்பதைக்கூட ரோச் தண்ணீர் குடித்து விழுங்கியிருப்பார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா?" என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அன்றிலிருந்து ஜோன்ஸ் பேரையோ மருமகள் பேரையோ அந்த வீட்டில் எடுக்கக்கூடாது. எடுக்கக்கூடாது என்பதால் மருமகள் பிள்ளை உண்டாகியிருப்பதையும் அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

ஜோன்ஸ் இப்போது கப்பலில். சந்தனச்செல்வி மில்லர்புரத்தில் வாடகை வீட்டில் தனியாக. அந்த வியாழக்கிழமை மாதா கோயில் நவநாளுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அல்போன்சா போனது அங்கேதான். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று, "பயமா இருக்கு அத்தை" என்றாள்.

அவ்வளவுதான். அல்போன்சாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. உத்தரியத்தைக் கழற்றினாள், மருமகள் கழுத்தில் போட்டாள், நெற்றியில் சிலுவை வரைந்தாள். இந்தக் கரையில் ஆண்பிள்ளை கடலுக்குப் போனாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், மகள் பேறுகாலத்துக்குப் படுத்தாலும் தாய்மார்கள் செய்கிற காரியம் அது. யோசித்துச் செய்கிறதில்லை. அது சாவியும்தான் என்ற நினைப்பு, வீட்டுக்கு வந்து கதவு முன்னால் மொட்டைக் கழுத்தோடு நின்றபோதுதான் அவளுக்கு வந்தது.

திரும்பக் கேட்கலாமா? பிள்ளைத்தாய்ச்சி கழுத்தில் போட்டதைக் கழற்றுவதா! உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் ரோச் சாமியாடுவார். வாயை மூடிக்கொண்டால் மகளுடைய முன்ரூம் போகும். ஒரு பக்கம் மருமகள், ஒரு பக்கம் மகள், நடுவில் அல்போன்சா முந்தானையைப் போர்த்திக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மாத்திரை டப்பா.

"சுகர் இருக்கு ரோச்சு. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே ஆரம்பித்தார். அந்த ஒன்று முடிவதற்குள் இன்னொரு ஒன்று கைக்கு வந்திருந்தது.

ரோச் கடிகாரத்தைச் சுருளுக்கு நேரே நீட்டினார். "முதலாளி வந்தாச்சு!" அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டெபி தன் வில்லையைக் காட்டினாள். "ஸ்டெபி வந்தாச்சு!" கதவு திறந்தது, தானே சாத்திக்கொண்டது. பிறகு யாருக்கும் எழுதி வைக்காத புது வில்லை ஒன்றை அண்ணாச்சி கையில் கொடுத்து நீட்டச் சொன்னாள்.

"யாருன்னு தெரியலையே!" என்றது கதவு.

"ஏ, என்னைய இந்தத் தூத்துக்குடியில தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு இந்தக் கதவுதான்!" சிரித்ததில் அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க, மதினியும் ஒருக்கா செய்து காட்டட்டும்."

ஸ்டெபி அம்மாவைப் பார்த்தாள்.

"டீ கொதிச்சிட்டு! முன்ரூமுக்கு வாங்க, ஆறிரும்" என்று சொல்லியபடி அல்போன்சா அடுப்படிக்கு ஓடிவிட்டாள். கொதிக்கிற டீ எப்படி ஆறும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முன்ரூமில் அவள் டீ ஊற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், புறவாசல் கதவைத் தள்ளிக்கொண்டு சந்தனச்செல்வி உள்ளே வந்தாள்.

இன்று அவள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகிறாள். அத்தையிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்தாள். சனிக்கிழமை காலையில் ரோச் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார் என்று அத்தை சொல்லியிருந்தாள். அண்ணாச்சி வருவதால் அவர் போகவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். நடையில் பாதி தூரம் வந்தபோது முன்ரூமிலிருந்து மாமனாரின் சிரிப்பு கேட்டது. சந்தனச்செல்வி சத்தம் இல்லாமல் சுவரோரமாக ஒண்டினாள். அவள் நெஞ்சு ஒட்டிய இடத்தில் ஒரு மக்ரூன் டப்பா மூடி இருந்தது.

"அல்போன்சா வந்தாச்சு!"

பூட்டு டக்கென்று விட்டது. பயந்துபோன பெண், திறந்த கதவுக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் குரல் முன்ரூமுக்கும் கேட்டது.

அண்ணாச்சி டீ ஊற்றிக்கொண்டிருந்த அல்போன்சாவைப் பார்த்தார். குரல் வந்த திசையைப் பார்த்தார். "மதினி, நீங்க இங்கனதான நிக்கீய?"

"இங்கனதான் நிக்கா" என்றார் ரோச். "ஆளு டீ ஊத்துதா, எந்திரம் ஆளு உள்ள போயாச்சுங்கு. ஒரு அல்போன்சாவ வச்சுக் குடும்பம் நடத்தவே நான் படாத பாடு படுதேன். இன்னொண்ணா?"

ஸ்டெபி துள்ளி எழுந்தாள். "அப்படிச் சொல்லாதப்பா. அந்த எண்ணு அந்த ஒரு வில்லைக்குத்தான். அது கிட்ட வராம கதவு திறக்கவே..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மாவின் கை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. முந்தானை விலகியிருந்த இடத்தில் கயிறு இல்லை. கெட்டிலிலிருந்து டீ தம்ளருக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை நவநாளுக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆனது என்பது ஸ்டெபிக்கு இப்போது புரிந்தது. உள்ளே யார் நிற்கிறார்கள் என்பதும் புரிந்தது.

எந்திரம் சரி என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் உள்ளே யார்? அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எந்திரம் தப்பு சொல்லிட்டு அண்ணாச்சி" என்றாள் ஸ்டெபி. "இன்னும் சரியா வரல. நீங்க இன்னொரு நாளு வாங்க."

சொல்லி முடிக்கும்போதே முன்ரூம் கையை விட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது. எங்கே மேசை போடுவது, எந்தச் சுவரில் பெயரை எழுதுவது என்றெல்லாம் பார்த்து வைத்திருந்த அறை.

அண்ணாச்சி பாதி மக்ரூனோடு எழுந்தார். "நல்லாத்தான் பிள்ள இருந்துச்சு. ஆனா ஆளு மாத்திச் சொல்லுத எந்திரத்த வச்சா எங்க கிடங்குல இறாலு நாறிப்போவுமே."

ரோச்சுக்கும் முகம் சுருங்கிவிட்டது. மகள் தோற்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். "சரி, சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன்" என்று மெதுவாகப் போனை எடுத்தார்.

"போன வைங்க."

அல்போன்சா கெட்டிலைக் கீழே வைத்தாள். முந்தானையை இறக்கினாள்.

"எந்திரம் தப்பு சொல்லல. தப்பு எம்பேர்ல. இந்தா பாருங்க, கழுத்து மொட்டையாக் கெடக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கழுத்தை உத்தரியம் இல்லாமல் ரோச் பார்த்ததே இல்லை. "எங்களா உத்தரியம்?"

"மருமவளுக்குப் போட்டுட்டேன். பிள்ளத்தாச்சிப் பொண்ணு, பயமா இருக்குன்னா. கழத்திப் போட்டுட்டேன். ஸ்டெபி தந்த வில்லையும் அதுக்குள்ளதான் இருக்கு. என் பிள்ள செஞ்ச எந்திரத்தப் பொய்யின்னு சொல்லாதீங்க. என்னைய என்ன வேணாலும் சொல்லிக்கிடுங்க."

அவ்வளவு பெரிய விஷயத்தில் ரோச்சுக்குப் பிடிபட்டது ஒரு நுனிதான்.

"உத்தரியத்துக்குள்ளயா? மந்திரிச்ச உத்தரியத்தப் பிரிச்சா வில்லைய வச்சுத் தச்சீய? சாமியாருக்குத் தெரியுமா?"

"ரோச்சு" என்றார் அண்ணாச்சி. "சாமியார அப்புறம் கேக்கலாம். உள்ள யாரு நிக்கான்னு மொதல்ல கேளும்."

ரோச் நடையில் திடுதிடுவென்று நடந்தார். கடிகாரக் கையை நீட்டினார். "முதலாளி வந்தாச்சு!" என்று உற்சாகமாகக் கூவிக் கதவு திறந்தது.

தட்டுத்தட்டாக மக்ரூன் அடுக்கிய அறை. நடுவில் சந்தனச்செல்வி. ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் பாதி மக்ரூன். மீதி வாயில். பயந்து ஒளிந்தவள்தான், ஆனால் ஒன்பது மாத வயிற்றுக்கு முன்னால் மக்ரூன் தட்டை வைத்தால் அவள் என்ன செய்வாள்? பழுப்பு உத்தரியம் வயிற்றின் மேல் சாய்ந்து கிடந்தது.

ரோச் இத்தனை காலமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, சந்தனச்செல்வி திறந்துபோட்டு வந்த புறவாசல் வழியாகக் கொண்டல் காற்று நடையில் புகுந்து நேராக அவர் முதுகில் அடித்தது. தட்டுகளில் இருந்தது நாளைய கல்யாண ஆர்டர்.

"காத்து வருது!" என்று அலறினார். அலறிக்கொண்டே உள்ளே தாவி, கதவை இழுத்துச் சாத்தினார்.

டக்.

வெளியே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாதாவே, உள்ள ரெண்டு பேரும் தனியா" என்றாள் அல்போன்சா.

ஸ்டெபி தன் வில்லையை எடுத்தாள். அல்போன்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திறக்காத."

"அம்மா, அப்பா ஏசப் போறாவ!"

"ஏசட்டும். ஏசுததுக்காவது அவகூட வாயத் திறந்துதான ஆவணும்?"

அண்ணாச்சி போவதாக இல்லை. மீதி மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு கதவில் காதை வைத்தார்.

உள்ளே ரோச்சின் குரல்.

"அதுல எடுக்காத. அது ஆர்டரு."

தட்டை நகர்த்துகிற சத்தம்.

"கீழ்த்தட்டு டப்பாவுல ஒடஞ்சது இருக்கு. அதுல எடுத்துக்க."

டப்பா உரசுகிற ஓசை. உடனே ஒரு கத்தல்: "குனியாத! குனியாதன்னா! நான் எடுத்துத் தாரேன்."

அல்போன்சா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தன மாசம்?"

பதில் வெளியே கேட்கவில்லை. ரோச்சின் குரல் மட்டும் பீச் ரோடுவரை கேட்டிருக்கும். "ஒம்பதா! ஒம்பது மாசமா எனக்கு ஒருத்தரும் சொல்லல! அந்தப் பய எந்தக் கடல்ல கெடக்கான்?"

"சிங்கப்பூர் தாண்டியாச்சாம், மாமா."

"மாமாங்கா" என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார். பிறகு ஸ்டெபியின் பக்கம் திரும்பினார். "ஏம்பிள்ள, எந்திரம் தப்புன்னு எங்கிட்டச் சொன்னியே?"

"ஆமா அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

"அப்பம் பொய் சொன்னது நீ. எந்திரம் இல்ல. நான் வாங்க வந்தது எந்திரத்தத்தான? ஆனா ஒண்ணு. எங்க ஆளுக தொப்பிய மாத்தி மாத்திப் போட்டுக்கிடுவானுவ. தொப்பியில தச்சு வச்சா வில்லையும் மாறிரும். வில்லையக் காட்டின பொறவு ஒரு நம்பரும் அமுக்கணும், அப்படிச் செஞ்சு தா. திங்கக்கிழம கிடங்குக்கு வந்து கதவ அளந்துட்டுப் போ."

ஸ்டெபிக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் உள்ளே பேசுவது கேட்காதே என்று அடக்கிக்கொண்டாள். அண்ணாச்சியின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஏளா ஸ்டெபி!" உள்ளேயிருந்து ரோச். "உன் எந்திரம் தப்பு சொல்லுது!"

"இல்லப்பா! அண்ணாச்சியே சரின்னு சொல்லிட்டாவ!"

"என்ன சரி? அல்போன்சா வந்தாச்சாம்லா. அல்போன்சா வெளிய நிக்கா. உள்ள நிக்கது வேற ஆளு. மாத்து."

"என்னன்னுப்பா மாத்தணும்? சந்தனச்செல்வி வந்தாச்சுன்னா?"

கதவுக்குப் பின்னால் ஒரு கனைப்பு.

"மருமவ வந்தாச்சுன்னு மாத்து."

அல்போன்சா அப்படியே நடையில் உட்கார்ந்து அழுதாள். ஸ்டெபியும் அழுதாள். அண்ணாச்சி மாத்திரை டப்பாவைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவினார்.

கதவு திறந்தது. ரோச் உடைந்த மக்ரூன் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் சந்தனச்செல்வி, முகத்தைத் துடைத்தபடி.

"ஒக்காரு, மொதல்ல ஒக்காரு. ஏ அல்போன்சா, அழுதது போதும், பிள்ளைக்கு நாக்காலி போடு."

"இல்ல மாமா, நான் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். பேறுகாலத்துக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாவ."

"யாரு?"

"எங்க அப்பா. தெருமுனையில வண்டியில இருக்காவ."

"தெருமுனையிலயா? இவ்வளவு தூரம் வந்த மனுஷன் ஏன் அங்கன இருக்காரு?"

சந்தனச்செல்வி தயங்கினாள். "கூப்பிடாத வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னுட்டாவ. கல்யாணத்துல இருந்தே உங்க பேச்ச எடுத்தா ஏசுவாவ. 'அந்தாளு எங்கிட்ட ஒரு வார்த்த பேசினாரா'ன்னு கேப்பாவ."

ரோச் வாசல் பக்கம் திரும்பினார். டப்பாவை ஸ்டெபியிடம் கொடுத்தார். குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். கைலி, முட்டைக் கறை பட்ட பனியன், செருப்பில்லாத கால்.

"அல்போன்சா."

"என்னங்க?"

"கோயிலுக்குப் போடுத வெள்ளச் சட்ட எங்க இருக்கு?"